சுண்ணாம்புப் புள்ளிகள்

பகவதியப்ப பிள்ளைக்குச் சோறு போட்டது அவருடைய வலது கை. கொட்டாரத்தைச் சுற்றி எட்டு ஊரில் யார் நிலம் விற்றாலும், வாங்கினாலும், குடும்பத்தைப் பாகம் பிரித்தாலும் ஆதாரப் பத்திரம் எழுத அவரிடம்தான் வருவார்கள். முத்திரைப் பத்திரத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. பதினாறு வருடத்தில் அவர் அடித்து எழுதியது இரண்டே இடம். எந்த ஆதாரம், எத்தனையாவது வரி என்று எப்போது கேட்டாலும் சொல்வார். எழுதியவர் கையொப்பம் கடைசியில் வர வேண்டும் என்பதால் வேறு ஆளை வைத்து எழுதவும் வழியில்லை. வயலெல்லாம் மனைவியின் அண்ணன் கோலப்பனுக்குத்தான் இருந்தது. பிள்ளைக்கு இருந்தது ஒரு ஓட்டு வீடு, மனைவி தாணம்மாள், அந்தக் கை.

அவர் வீட்டுக்கு ஓர் எஞ்சின் வந்ததும் அந்தக் கையால்தான். சொத்து சகோதரி மக்களுக்குப் போகும் மருமக்கள்வழி போய், பெற்ற மக்களுக்கே வரும் மக்கள்வழி வந்த பிறகு நாஞ்சில்நாட்டில் வீடு வீடாகப் பாகம் பிரிந்தது. அப்படி ஒரு வீட்டில் குடும்பத் தலைவரான காரணவர் ஒரு தோட்டத்துரையிடமிருந்து வாங்கி வந்த மோட்டார் வண்டி, அவர் செத்த நாளிலிருந்து மாட்டுத்தொழுவில் கிடந்தது. பதினோரு பங்காளிகள் வயலைப் பிரித்தார்கள், தென்னையைப் பிரித்தார்கள், குத்துவிளக்கையும் உருளியையும் பிரித்தார்கள். மோட்டாரைத் தன் பேரில் எழுத ஒருவரும் ஒப்பவில்லை. கடைசியில் மூத்தவர், "எழுதினவரே கொண்டு போகட்டும், எழுத்துக்கூலியில கழிச்சுக்கிடலாம்" என்றார். மற்ற பத்துப் பேரும் அன்று முதல் தடவையாக ஒரே சொல்லில் நின்றார்கள்.

வண்டியின் மரமெல்லாம் கறையான் தின்றிருந்தது. ரப்பர் உதிர்ந்துவிட்டது. எஞ்சின் மட்டும் முழுதாக இருந்தது, ஆனால் இறுகிப் போயிருந்தது. பிள்ளை எந்திரம் படித்தவரில்லை. வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை நான்கு முறை கழற்றி மூன்று முறை ஓட வைத்தவர், அவ்வளவுதான். எஞ்சினை மாட்டுவண்டியில் கொண்டுவந்து பின்கட்டு முற்றத்தில், பனந்தடியில் செய்த சட்டத்தில் ஏற்றினார். கூட நின்று தூக்கியவன் வாவத்துறை மரியஜான். வீட்டுமனைக்கு ஆதாரம் எழுத வந்த மீன்பிடிக்காரன், எஞ்சினைப் பார்த்துவிட்டு அதோடு ஒட்டிக்கொண்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் நான்கு வருடம் நீராவிக் கிரேனுக்குக் கரி போட்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே வந்துவிடுவான்.

இரண்டு வருடம். பிஸ்டன்கள் அசைய நாற்பது நாள் புன்னையெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டினார்கள். முன்புறத்தில் இருந்த மூன்று பல்சக்கரங்கள்தான் கடைசி. ஒன்று பிஸ்டன்களை ஆட்டும் தண்டில் இருப்பது, ஒன்று வால்வுகளைத் திறப்பது, மூன்றாவது தீப்பொறி தரும் மாக்னெட்டோவைச் சுற்றுவது.

அவற்றைக் கழற்றுமுன் பிள்ளை நாகர்கோவிலுக்குப் போய், தெரிந்த பஸ் டிரைவர் ஒருவரிடம் கேட்டார்.

"பிள்ளைவாள், இது முட்டுகிற மாடாக்கும்" என்றார் டிரைவர். "ஹேண்டிலைச் சுத்தும்போ தீப்பொறி ஒரு கண்ணிமை முந்திச்சுன்னு வையும், திருப்பி அடிக்கும். எம் பெரியப்பன் மகனுக்கு மணிக்கட்டு ரெண்டாப் போச்சு. இப்பம் எடங்கையாலதான் சோறு திங்கான். கழத்துகதுக்கு முன்னால பல்லுக்குப் பல்லு அடையாளம் வச்சிரும். ஒரு பல்லு மாறினாலும் சோலி முடிஞ்சு. சுத்தும்போ பெருவெரலும் மத்த வெரலுகளோட ஒரே பக்கம் நிக்கட்டும்."

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, சுண்ணாம்பை ஈர்க்கில் தொட்டு அடையாளம் வைத்தார். முதல் சக்கரமும் இரண்டாவதும் கடிக்கும் இடத்தில் ஒற்றைப் புள்ளி. இரண்டாவதும் மூன்றாவதும் கடிக்கும் இடத்தில் இரட்டைப் புள்ளி. காய்ந்ததும் சக்கரங்களைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

அது கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டுச் சரஸ்வதி பூசைக்கு மூன்று நாள் முன்னால்.

பூசை வைக்கிற அன்று காலையில் பத்திரம் பதியும் கச்சேரிக்குப் புறப்படும்போது, "ஏட்டி, பேனா, மைக்கூடு, எஞ்சின் சாமான் எல்லாத்தையும் கழுவித் துடச்சுப் பூசையில வச்சிரு" என்று சொன்னது அவர்தான். எழுத்துக்காரனுக்குப் பேனா எப்படியோ அப்படித்தான் மற்றதும் என்ற நினைப்பில் சொன்னார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அறையில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. தேவி படத்துக்கு முன்னால் வாழையிலை. அதில் பேனா, மைக்கூடு, அகராதி, மூன்று ஸ்பானர். நடுவில் பல்சக்கரங்கள். வெள்ளிப் பாத்திரம்போல மின்னின. ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"பாத்தீங்களா?" என்றாள் தாணம்மாள். "புளியும் சாம்பலும் போட்டு அஞ்சு தரம் தேச்சேன். வெள்ளையா ஏதோ புடிச்சுக் கெடந்து. அதும் போயிட்டு."

பிள்ளை குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் சாய்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

கோலப்பன் அவலும் பொரியும் கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். "என்னவே மாப்பிள்ளே, சக்கரம் மினுங்குகதைப் பாத்தேரா? நான் ஜோசியர்ட்டக் கேட்டாச்சு. எஞ்சினைச் சுத்தி ஓட்டுகதுக்கு விஜயதசமி அன்னைக்குப் பத்து இருபதுக்கு மேல பத்தே முக்காலுக்குள்ள முகூர்த்தம். ஊர்ல பத்துப் பேருக்கிட்டச் சொல்லியும் போட்டேன்."

விஜயதசமிக்கு வேண்டாம், அடையாளம் அழிந்துவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் அழிந்தது என்று கோலப்பன் கேட்பார். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். தாணம்மாளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் பிறந்த மாதமே போய்விட்ட பிறகு, எந்த வீட்டில் எது கெட்டாலும் அவள் கைராசியைப் பேச ஊரில் ஆள் இருந்தது. கல்யாண வீடுகளில் அவளை அடுக்களைப் பக்கமே விடமாட்டார்கள். இப்போது பூசைச் சாமானையே கெடுத்தாள் என்பார்கள். கழுவச் சொன்னது அவர் என்று யார் நினைக்கப் போகிறார்கள்.

பூசை முடிந்தது. இனி விஜயதசமி காலையில் பூசை எடுக்கும்வரை இலையில் உள்ள எதையும் தொடக் கூடாது. இரண்டு இரவு, ஒரு பகல்.

அந்தப் பகல் முழுக்கப் பிள்ளை அறை வாசலில் உட்கார்ந்து நான்கு முழத் தூரத்தில் இருந்த சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லிடுக்கில் ஏதாவது ஒரு பொட்டு வெள்ளை மிச்சமிருக்காதா. ஒற்றைப் புள்ளி தண்டின் பள்ளத்துக்கு நேராக இருந்ததா, ஒரு பல் தள்ளி இருந்ததா. கண்ணை மூடினால் எல்லாப் பல்லிலும் புள்ளி தெரிந்தது.

மத்தியானம் மரியஜான் பெட்ரோல் டின்னோடு வந்தான். முற்றத்தில் நின்று எட்டிப் பார்த்தான்.

"என்ன பிள்ளைவாள், அடுக்களைப் பாத்திரம் மாதிரியில்லா மினுங்குது. நீங்க என்ன, அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? எடுத்துக் காட்டவா? எனக்கு உங்க சாமி கணக்கு கெடையாதுல்லா."

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு நிமிடம் போதும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். உள்ளே தாணம்மாள் சுண்டலுக்குத் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"வேண்டாம் மரியான்."

"சும்மா சிரிப்புக்குச் சொன்னேன், அவ்வளவுதான். நாளைக்கு நான் சுத்துகேன், கேட்டீங்களா? எழுத்துக்காரன் கை அதுக்கு ஆவாது. நீங்க சும்மா நிண்ணு பாத்தாப் போதும்."

அன்று இரவு பிள்ளை சாப்பிட்டு எழுந்தார். கையைக் கழுவும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு மெல்லியதா என்று இருந்தது. மரியஜானின் கை நினைவுக்கு வந்தது. இதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். அவனுக்கு மூன்று குழந்தைகள். துடுப்புப் பிடித்தால்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும்.

விஜயதசமி காலையில் கற்பூரம் அணையுமுன் பிள்ளை சக்கரங்களை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பல் பல்லாகப் பார்த்தார். ஒவ்வொரு பல்லையும் நகத்தால் சுரண்டினார். ஒன்றும் இல்லை.

"என்ன தேடுகீங்கோ?" என்று தாணம்மாள் கதவருகே நின்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

மணி ஏழரை. இனி புத்தியால்தான் கண்டுபிடிக்க வேண்டும். தீப்பொறி விழும் முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் ஒரு ஈர்க்கை விட்டார். தண்டின் முனையில் இருந்த பெரிய சக்கரத்தை மெல்லத் தள்ளத் தள்ள ஈர்க்கு உயர்ந்து, நின்று, இறங்கத் தொடங்கியது. நின்ற இடம்தான் பிஸ்டனின் உச்சி. வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் உச்சி எது என்று பார்த்து இரண்டாவது சக்கரத்தைப் பூட்டினார். அதில் சந்தேகம் இல்லை. மாக்னெட்டோதான் சங்கடம். அதன் முனைகள் பிரியும் கணத்தில் தீப்பொறி. முனைகளுக்கு நடுவே மெல்லிய காகிதம் ஒன்றைச் செருகி, அது தளரும் இடத்தைப் பார்த்தார். முதல் தடவை ஒரு பல்லில் தளர்ந்தது. இரண்டாவது தடவை அடுத்த பல்லில். மூன்றாவது தடவை மறுபடியும் முதல் பல்லில். இரண்டு தடவை வந்ததை வைத்துப் பூட்டினார். மூடியைப் போட்டுத் திருகும்போது மணி பத்து. வேட்டியெல்லாம் வேர்வையும் எண்ணெயும்.

முற்றத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். கோலப்பன் எஞ்சினுக்கு மாலை போட்டார். தேங்காய் உடைத்தார். மரியஜான் பெட்ரோல் ஊற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முன்னால் வந்து ஹேண்டிலைப் பள்ளத்தில் செருகினான்.

"தள்ளிக்கிடும் மரியான்" என்றார் பிள்ளை. "நான் சுத்துகேன்."

"நீங்களா? நேத்தைக்கே சொன்னேன்லா."

"தள்ளு."

அந்தக் குரலை மரியஜான் கேட்டதில்லை. விலகினான்.

பிள்ளை ஹேண்டிலின் முன்னால் நின்றார். வலது கையை நீட்டினார். ஹேண்டில் வெயிலில் சுட்டது. கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தார். இடது கை போனாலும் எழுதலாம்.

"வே, வே!" என்றார் கோலப்பன். "நல்ல நாளும் அதுவுமா எடங்கையாலயா தொடங்குகது? வலங்கைய வையும் ஓய்."

"எடது கை சௌகரியம்."

"என்ன சௌகரியம்? முகூர்த்தம் பாத்துக் குடுத்தது எதுக்கு? சோறு தின்ன வலது கை, எழுத வலது கை, இதுக்கு மட்டும் மத்ததா?"

பின்னாலிருந்து யாரோ, "பிள்ளைக்குப் பயம்" என்று சொன்னான். சிரித்தார்கள். கோலப்பன் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "பத்து முப்பத்தஞ்சு."

பிள்ளை இடது கையை எடுத்தார். வலது கையை வைத்தார். விரல்களை மடக்கினார். பெருவிரலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று டிரைவர் சொன்னாரே, அது மறந்துவிட்டது.

"அண்ணே, சுத்தச் சொல்லாதீங்கோ."

தாணம்மாள் கதவைவிட்டு வெளியே வந்திருந்தாள். ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"சக்கரத்துல அவங்க அடையாளம் வச்சிருந்தாங்கோ. நான்தான் தேச்சுக் கழுவிட்டேன். சுண்ணாம்புன்னு எனக்குத் தெரியாது. காலம்பற பல்லுப் பல்லாச் சுரண்டிப் பாத்தாங்கல்லா, அப்பம்தான் தெரிஞ்சு. இப்பம் சுத்தினா கை போயிரும்."

பிள்ளை ஹேண்டிலைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சிருந்துமா கையைக் குடுக்கப் போனீங்கோ?"

கூட்டத்தில் முன்பு சிரித்தவன், "பூசைச் சாமானையும் விட்டுவைக்கல்லையா அந்தக் கை" என்றான்.

கோலப்பன் திரும்பினார். "எவம்லே அது? எந் தங்கச்சி கையப் பத்திப் பேசினது எவன்? அவ பூசையன்னைக்கு வச்ச பாயசத்தை மூணு கிண்ணம் குடிச்சியே, அப்பம் தெரியல்லையா?" பிறகு பிள்ளையைப் பார்த்தார். "நீரு வாயில என்னத்தவே வச்சிருந்தேரு? ரெண்டு நாளு!"

"கழுவச் சொன்னது நான்" என்றார் பிள்ளை.

மரியஜான் அவர் அருகே வந்தான். முகம் கறுத்திருந்தது. "நான் சுத்துகேன்னு நிண்ணேன். அப்பம் என் கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

"உன்னைச் சுத்த விடல்லையே மரியான்."

மரியஜான் அதை யோசித்தான். முற்றத்தின் மூலையில் பெட்ரோல் டின்னைக் கட்டி வந்த வடம் கிடந்தது. போய் எடுத்து வந்தான்.

"கை எதுக்கு? கரைமடி வலை இழுக்குகதுக்குக் கையையா கடலுக்குள்ள விடுகோம்?" பெரிய சக்கரத்தில் வடத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். "முடிச்சு வேண்டாம். ஓடிச்சுன்னா தானா உருவிக்கிட்டு வந்திரும். யாரு வாறா? சும்மா நிண்ணு சிரிச்சவங்க முன்னால வாங்க."

ஐந்து பேர் வந்தார்கள். அவர்களை எட்டு முழம் தள்ளி நிறுத்தி, ஒருவன் பின் ஒருவனாக வடத்தைப் பிடிக்கச் சொன்னான். "நான் ஏலம்னு சொன்னா ஒரே இழுப்பு. விட்டுவிட்டு இழுத்தா அடி நமக்கு."

பிள்ளை தாணம்மாளைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார். மணி பத்து நாற்பத்திரண்டு.

"ஏலம்!"

இழுத்தார்கள். பெரிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். சக்கரம் அதே வேகத்தில் திரும்பிச் சுற்றியது. வடம் பிடித்திருந்தவர்கள் முன்னால் குப்புற விழுந்தார்கள். ஹேண்டிலை முன்பே உருவி எடுக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அது பின்னோக்கிச் சுழன்று, சட்டத்தின் பனந்தடிக் காலில் அடித்தது. தொடை கனமுள்ள தடி. நீளவாக்கில் பிளந்து சிராய் தெறித்தது.

புகை போகும்வரை எல்லாரும் அந்தத் தடியையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளையின் கையைப் பார்த்தார்கள். அவர் அதை மேல்துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பத்தே முக்கால் தாண்டியது. பாதிப் பேர் போய்விட்டார்கள். கோலப்பன் கடிகாரத்தை உள்ளே வைத்துவிட்டு, சட்டத்தின் பிளந்த காலுக்கு முட்டுக் கொடுக்க வேறு தடி தேடிப் போனார்.

பிள்ளை மூடியைக் கழற்றினார். திருப்பி அடித்ததால் ஒன்று தெரிந்தது. தீப்பொறி முந்துகிறது. காகிதம் ஒரே ஒரு தடவை காட்டிய அந்தப் பல்தான் சரி. மாக்னெட்டோச் சக்கரத்தை வெளியே இழுத்து ஒரு பல் பின்னால் தள்ள வேண்டும். அதற்குப் பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும். இரண்டு கையும் இங்கே இருந்தால் ஈர்க்கை யார் பார்ப்பது.

"தாணு, இங்க வா."

அவள் வந்தாள்.

"இந்த ஈர்க்கைத் தொடாம பாத்துக்கிட்டு இரு. ஏறும். ஏறி நிக்கும். நிண்ணதும் சொல்லு. எறங்கத் தொடங்கின பொறவு சொல்லாத."

மரியஜான் பெரிய சக்கரத்தை விரற்கடை விரற்கடையாகத் தள்ளினான். தாணம்மாள் முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈர்க்கைப் பார்த்தாள். கோழி ஒன்று அவள் காலருகே மேய்ந்தது. அவள் கவனிக்கவில்லை.

"ஏறுது. ஏறுது. இன்னும் ஏறுது." நிறுத்தினாள். "நிண்ணாச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"நிண்ணாச்சுன்னு சொல்லுகேன்லா."

அவர் சக்கரத்தைப் பூட்டினார். இந்த முறை ஹேண்டிலை மரியஜானே உருவித் தூர எறிந்தான். வடம் பிடிக்க மரியஜானையும் சேர்த்து மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவதாகக் கோலப்பன் மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பிடித்தார். பிள்ளை பிடிக்கப் போனபோது, "நீரு பிடிக்காண்டாம்" என்று விலக்கிவிட்டார்.

முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் இருமியது. மூன்றாவதில் வடம் உருவிக்கொண்டு வந்து கோலப்பன் காலில் சுற்ற, எஞ்சின் ஓடத் தொடங்கியது. முற்றம் அதிர்ந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பசு அறுத்துக்கொண்டு ஓடியது. கோலப்பன் ஏதோ கத்தினார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மரியஜான் இரண்டு உள்ளங்கையிலும் எச்சில் தடவி ஊதிக்கொண்டே சிரித்தான். வடம் தோலை உரித்திருந்தது.

ஊற்றிய பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடி, தானாக நின்றது.

எல்லாரும் போன பிறகு பிள்ளை கிணற்றடியில் கையைக் கழுவினார். எண்ணெய் போகவில்லை. வீட்டுக்குள் வந்தபோது தாணம்மாள் தேவி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி வைத்திருந்தாள்.

"பூசை எடுத்த உடனே எழுதணும். நீங்க சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டீங்கோ" என்றாள். "இனியாவது எழுதுங்கோ."

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து சுட்டுவிரலை அரிசியில் வைத்தார். 'ஹரி' என்று தொடங்கினார். விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. சுழி கோணிக்கொண்டு போயிற்று. கையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை.

தாணம்மாள் தாம்பாளத்தின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"மெல்ல எழுதுங்கோ" என்றாள். "இன்னைக்குக் கச்சேரி இல்லல்லா."